ஈரக் குளிருக்கு ஏற்ற நூல்

எங்கள் ஊரான நோட்டன் பிரிட்ஜின் குளிர் ஈரக் குளிர். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,271 மீட்டர். நாங்கள் 900 மீட்டர் அளவில்தான் இருக்கிறோம். வெப்பமானியை மட்டும் பார்த்தால் நுவரெலியாக்காரர்களின் குளிருக்கு முன்னால் எங்கள் குளிர் ஒன்றுமில்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் என்று நீளும் இந்த மேற்குச் சரிவில் கொட்டும் மழைக்கு இலங்கையில் ஈடு சொல்வது கடினம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தொடும் மழை இது. மழை விட்ட இடைவெளியில் நோட்டன் நீர்த்தேக்கத்தின் மேலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்துகொள்ளும். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் தொட்டால் பிசுபிசுக்கும்.

கையில் கிடைக்கும் பின்னல் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே குளிர் வெளியில் இருக்கிறது, வீட்டுக்குள் வெப்பமூட்டி இருக்கிறது. இங்கே வெளியிலும் உள்ளேயும் ஒரே ஈரம். வீட்டில் சூடு என்றால் அது விறகடுப்பு. அதனால் புத்தகத்தில் இருக்கும் அளவையும் வடிவத்தையும் எடுத்துக்கொள்ளலாம், நூலை மட்டும் நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறம் பிடித்திருக்கிறது, கன்னத்தில் வைத்தால் மெத்தென்று இருக்கிறது என்பதற்காக நூல் வாங்கினால் போதாது. அதை உடுத்தப் போகிறவர் எந்த நேரத்தில் நனைவார், எங்கே உட்கார்ந்து காய்வார், எப்படித் துவைப்பார் என்று தெரிந்த பிறகுதான் நூலில் கை வைக்க வேண்டும். அண்மையில் ஊசியிலிருந்து இறக்கிய நான்கு உருப்படிகளைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

நூலைப் பற்றிய முதல் பாடத்தை நம் பாட்டிமார் தோளில் சுமந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு முரட்டுக் கம்பளி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். இரவில் போர்த்திக்கொள்ளவும் பகலில் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டு மழையில் கொழுந்தெடுக்கவும் அந்த ஒன்றேதான். பாலித்தீன் வந்த பிறகு கம்பளி மலையை விட்டுப் போனது. பாலித்தீன் தண்ணீரை வெளியில் நிறுத்தும், உண்மை. ஆனால் உடம்பு வேர்க்கும்போது அந்த வேர்வையையும் உள்ளேயே நிறுத்திவிடும். கம்பளி நனைந்து கனத்தாலும் முதுகைச் சில்லிட விடாது.

அதற்குக் காரணம் இழையின் உள்ளே இருக்கிறது. ஆட்டு உரோமம் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்வரை ஈரத்தைக் காற்றிலிருந்தும் உடம்பிலிருந்தும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போதும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஈரத்தை இழுக்கும்போதே கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். இழைகள் சுருண்டு சுருண்டு இருப்பதால் நடுவில் காற்று தங்குகிறது. நனைந்தாலும் அந்தச் சுருள் முழுதாகப் படுத்துவிடாது. பருத்தி ஈரத்தை நன்றாகக் குடிக்கும், ஆனால் நனைந்ததும் தளர்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காயவும் நாளாகும். 1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபோன் நிறுவனம் ஓர்லான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த அக்ரிலிக் இழை ஈரத்தைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. அதனால் சீக்கிரம் காயும், சுருங்காது, விலையும் குறைவு. ஆனால் வேர்வை இழைக்குள் போகாமல் தோலின் மேலேயே நிற்கும். இந்த மூன்றின் குணத்தையும் அறிந்துகொண்டால் பின்னலில் பாதி வேலை முடிந்தது.

முதல் உருப்படி, கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவருக்குப் பின்னிய கையில்லாச் சுவெட்டர். "தங்கச்சி, கை வைக்காம பின்னு. செடியில ஒரசி கை நனைஞ்சா நாள் முழுக்க ஈரந்தான்" என்று அவரே சொல்லிவிட்டார். மலையில் நின்று வேலை செய்கிறவரின் பேச்சைவிடச் சிறந்த பின்னல் குறிப்பு கிடையாது. நீளத்தை இடுப்போடு நிறுத்தினேன். அதற்குக் கீழே, செடியின் ஈரம் படாமல் இருக்கப் படங்கு கட்டுவார்கள். சுவெட்டர் படங்குக்குள் போனால் மடிப்பு விழுந்து இடுப்பை அறுக்கும். முன்பக்கம் சாதாரணப் பின்னல், ஒரு வரி நிட், மறுவரி பர்ல். முதுகில் கூடை உராயும். அங்கே சாதாரணப் பின்னல் போட்டால் சீக்கிரம் இழை தேய்ந்து ஓட்டை விழும். அதனால் காலுறையின் குதியில் போடும் பின்னலை முதுகு முழுவதும் போட்டேன். துணியின் வெளிப்பக்க வரியில் ஒரு கண்ணியைப் பின்னாமல் மாற்றி, அடுத்ததைப் பின்னி, இப்படியே வரி முடியும்வரை போக வேண்டும். உள்பக்க வரி முழுவதும் பர்ல். மாற்றிய கண்ணிகளின் பின்னால் நூல் ஓடுவதால் துணி இரட்டைத் தடிப்பாகும். இந்தப் பின்னலில் துணி உயரத்தில் சுருங்கும். முன்பக்கத்தின் நீளத்தை எட்ட அதைவிட அதிக வரிகள் பின்ன வேண்டும், நூலும் கூடுதலாகப் போகும். பொறுமையும் கூடுதலாகப் போகும். நாள் முழுக்கக் கூடை தாங்கும் ஒரு முதுகுக்காக அந்தப் பொறுமையை நான் மனமாரக் கொடுப்பேன்.

நூல், சுத்தமான கம்பளி. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வேலை முடிந்து வந்ததும் அக்கா அடுப்பங்கரையில்தான் உட்காருவார். அக்ரிலிக் நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் கருகும், நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். விறகடுப்பில் சமைக்கிற வீட்டில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டாவது, பச்சிளம் குழந்தைகளுக்கான தொப்பிகள். டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய ஆஸ்பத்திரி 2017 மே மாதம் திறக்கப்பட்ட பிறகு, இந்தப் பக்கத்துத் தாய்மார் பலர் பிரசவத்துக்கு அங்கே போகிறார்கள். தோட்டப் பகுதியில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளும் சக்தி குறைவு. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் தலை பெரிது, சூடு அந்த வழியாக நிறையப் போய்விடும். பிறந்ததும் துடைத்து, தாயின் மார்போடு வைத்து, தலைக்குத் தொப்பி போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு முறைப் பராமரிப்பிலும் குழந்தைக்கு உடுத்துவது அணையாடையும் தொப்பியும் காலுறையும்தான், மற்றச் சூடெல்லாம் தாயின் மார்பு தரும்.

அந்தத் தொப்பிக்கு நான் எடுப்பது நாலிழை நூல், 3.25 மில்லிமீட்டர் ஊசி. பத்து சென்டிமீட்டருக்கு 28 கண்ணி விழும். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். தொப்பி 30 சென்டிமீட்டர் சுற்றளவு இருந்தால் பிடித்து நிற்கும். எனவே 84 கண்ணி. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்ற ரிப்புக்கு நாலால் வகுபட வேண்டும், 84 வகுபடும். எடை குறைந்த குழந்தைக்கு 72 கண்ணி போதும். உச்சியில் குஞ்சம் வைப்பதில்லை, ரிப்பன் கட்டுவதில்லை, பொத்தான் தைப்பதில்லை. ஓட்டை ஓட்டையாக வரும் பூப்பின்னலும் வேண்டாம், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். மோஹேர், அங்கோரா போன்ற உதிரும் நூல்கள் மூக்குக்குள் போகும், அவற்றைத் தொடவே வேண்டாம். இந்த உருப்படிக்கு மட்டும் நான் மெல்லிய குழந்தை அக்ரிலிக் எடுக்கிறேன். தொப்பி நாளுக்கு ஒரு தடவையாவது துவைக்கப்படும், ஆஸ்பத்திரியில் எந்தச் சவர்க்காரம், எந்தச் சூட்டுத் தண்ணீர் என்று நமக்குத் தெரியாது, காலையில் துவைத்தது மாலைக்குள் காய வேண்டும். கம்பளி அங்கே ஒரே வாரத்தில் திரண்டு பொம்மைத் தொப்பியாகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு அடுப்பு மூட்டும் இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போது இந்தத் தொப்பியைக் கழற்றிப் பருத்தித் துணி கட்டச் சொல்லியே கொடுக்கிறேன்.

மூன்றாவது, சிவனொளிபாதமலைக்குப் போகிறவருக்கான காது மூடும் தொப்பி. டிசம்பர் மாதத்துப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமிவரை மலைச் சீசன். கினிகத்தேனைப் பக்கமிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் பலவும் நோட்டன் வழியாக மஸ்கெலியாவுக்கு ஏறுவதால், சீசன் முழுக்க எங்கள் ஊர் விழித்தே இருக்கும். மலை 2,243 மீட்டர். இரவில் படியேறும்போது உடம்பெல்லாம் வேர்வை, உச்சியில் சூரியோதயத்துக்குக் காத்திருக்கும்போது ஊசிக் காற்று. வேர்வை ஊறிய அக்ரிலிக் தொப்பி அந்தக் காற்றில் நெற்றியைச் சில்லிட வைத்துவிடும். எனவே இதற்கும் கம்பளிதான். காதுப் பக்கத்து ரிப்பை 14 சென்டிமீட்டர் பின்னி இரண்டாக மடித்துவிட்டேன், காதுக்கு இரண்டு அடுக்கு. உச்சிப் பக்கம் ஒரே அடுக்கு, கொஞ்சம் தளர்வாக, ஏறும்போது சூடு வெளியேறட்டும் என்று. மேலே கண்ணி குறைப்பதை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒரு வரி விட்டு ஒரு வரியாகக் குறைத்தால் தலையின் வளைவோடு அமர்ந்துவிடும்.

நான்காவது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கருநீலச் சுவெட்டர். இதைக் கழுத்திலிருந்து கீழே பின்னினேன். அமெரிக்கப் பின்னல் ஆசிரியை பார்பரா வாக்கர் 1972இல் இந்த முறைக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவருக்கு ஓராண்டு முன்னால் எலிசபெத் ஸிம்மர்மன் தம் புத்தகத்தில், மார்புச் சுற்றின் கண்ணி எண்ணிக்கை தெரிந்தால் மற்ற எல்லா அளவையும் அதன் விகிதமாகக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டியிருந்தார். குறிப்புப் புத்தகம் கிடைக்காத எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு பெண்களும் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். பிள்ளையின் மார்பு 64 சென்டிமீட்டர். உள்ளே சட்டை இருக்கும், கை வீசி ஓட வேண்டும், எனவே எட்டு சேர்த்து 72. டபுள் நிட்டிங் நூலில் 4 மில்லிமீட்டர் ஊசியால் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. கணக்கு 158 என்று வந்தது, ரிப்புக்காக 160 ஆக்கினேன்.

மேலிருந்து கீழே பின்னுவதில் எங்கள் வீடுகளுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. பிள்ளை வளர்ந்தால் கீழ் ஓரத்தை மட்டும் அவிழ்த்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, இன்னும் நாலு விரல் பின்னிவிடலாம். கைக்கும் அப்படியே. ஒரே சுவெட்டர் மூன்று வகுப்புவரை போகும். அதற்காக நூல் வாங்கும்போதே ஓர் உருண்டை கூடுதலாக வாங்கி வையுங்கள், உறையில் அச்சிட்டிருக்கும் சாயத் தொகுதி எண் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் நீலமும் மாறும், வெயிலில் கோடு போட்டதுபோல் தெரியும். இந்தச் சுவெட்டருக்குக் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் எடுத்தேன். பிள்ளை நனைந்து வரும், வாரா வாரம் துவைக்க வேண்டும், தாய்க்கு அதைப் பதமாக அலசிக்கொண்டிருக்க நேரமிராது. கலப்பு நூல் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்யும்.

இனி எனக்குப் பிடித்த நூல்கள். முதலிடம், லூதியானாவில் நூற்கும் வர்த்மான், ஓஸ்வால் கம்பளி நூல்களுக்கு. அவை எனக்கு நீலகிரி வழியாக வருகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் சொந்தங்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். என் சித்தி குடும்பமும் அவர்களில் ஒன்று. அங்கேயும் குளிர், அங்கேயும் கொழுந்து. ஊட்டிக் கடைகளில் வாங்கிய நூல் உருண்டைகள், ஊருக்கு வருகிறவர்களின் பையில் மிட்டாயோடும் சேலையோடும் வந்து சேரும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மெரினோ வழி வந்த ஆடுகளை வளர்க்கிறார்கள். தமிழ் பேசும் மலைகளில் வெட்டிய உரோமத்தில் பின்ன வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டாம் இடம், பழைய சுவெட்டர்களிலிருந்து பிரித்தெடுத்த நூலுக்கு. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நடைபாதைக் கடைகளில் விற்கும் வெளிநாட்டுச் சுவெட்டர்களில் அருமையான ஆட்டுக்குட்டிக் கம்பளி ஒளிந்திருக்கும். வாங்குமுன் பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். சங்கிலித் தையலால் இரண்டு ஓரங்களைச் சேர்த்திருந்தால் பிரிக்கலாம், முழு நூலாக வரும். ஓவர்லொக் போட்டு வெட்டியிருந்தால் ஒவ்வொரு வரியும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், விட்டுவிடுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கீழே சிறிய பாரம் தொங்கவிட்டுக் காயப்போட்டால் சுருள் நீங்கிவிடும். மலைத் தொப்பி இப்படிப் பிரித்த சாம்பல் நிறக் கம்பளியில்தான் பின்னப்பட்டது.

உறையில்லாமல் எடைக்கு விற்கும் நூல் எது என்று தெரியவில்லையா? ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தீக்குச்சி காட்டுங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகிக் கறுத்துக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக் போன்ற செயற்கை இழை. காகிதம் எரியும் வாடையென்றால் பருத்தி. எடையைப் பார்த்து வாங்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அக்ரிலிக் கம்பளியைவிட இலேசு. அதே தடிப்பில் நூறு கிராம் அக்ரிலிக் கூடுதல் மீட்டர் வரும். கம்பளியில் பின்னுவதற்குக் கொஞ்சம் அதிக எடை வாங்க வேண்டியிருக்கும்.

ஊசி எண்ணும் கவனம். நம் கடைகளில் இருப்பது பழைய பிரித்தானிய எண், எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்கப் புத்தகத்தில் இது தலைகீழ், அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

எந்த உருப்படிக்கும் முதலில் ஒரு சாண் அகலத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, உடுத்துகிறவர் துவைக்கப் போகிற விதத்திலேயே துவைத்து, காய்ந்த பிறகே கண்ணி எண்ணுங்கள். இயந்திரத்தில் துவைக்கப் பதப்படுத்திய கம்பளி நனைந்தால் நீளும், பதப்படுத்தாத கம்பளி கொஞ்சம் மலரும். பீலிக்கரைக் கல்லில் அடித்துத் துவைத்தால் கம்பளி திரண்டு தடித்துவிடும். ஆறிய தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, துவாயில் உருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. பட்டால் அதன் இழுவை செத்துவிடும், ரிப் பிறகு ஒருநாளும் சுருங்கி நிற்காது. கம்பளியை அடுத்த மழைக்காலத்துக்கு எடுத்துவைக்குமுன் நன்றாகத் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். பூச்சி முதலில் கடிப்பது வேர்வையும் அழுக்கும் உள்ள இடத்தைத்தான்.

தோட்டத்தில் கைவேலை தெரிந்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். குரோஷேயில் மேசைவிரிப்பும் தொலைக்காட்சி மூடியும் அழகழகாகப் போடுகிறார்கள். அந்தக் கைகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கு முன் ஒரு மேசைவிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, நனைகிற ஒருவருக்காக ஓர் உடுப்பு பின்னுங்கள். ஊசி போடுமுன் அவரிடம் போய் உட்கார்ந்து, அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். என்ன நூல் வேண்டும் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.